கோல்கீப்பரை வெளியே எடுத்தது சரிதான்

ஹாக்கி ஊர் கோவில்பட்டி. 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியை இங்கே இன்னும் பேசுகிறோம். ஜெர்மனி 3, இந்தியா 2. கடைசி நேரத்தில் நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷை எடுத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரரை இறக்கினார்கள். நம் ஷம்ஷேர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.

"காலி கோலை வச்சுக்கிட்டு ஆடலாமா?" என்கிறார்கள். ஆடலாம். நாக் அவுட்டில் ஒரு கோலில் தோற்றாலும் மூன்றில் தோற்றாலும் ஒன்றுதான். 2021 டோக்கியோ வெண்கலப் போட்டியில், 5-4 என்று நாம் முன்னிலையில் இருந்தபோது ஜெர்மனியும் இதைத்தான் செய்தது. சில விநாடிகளே மிச்சமிருக்க, பெனால்டி கார்னரே வாங்கிவிட்டார்கள். ஸ்ரீஜேஷ் தடுக்காவிட்டால் நம் பதக்கம் என்னவாகியிருக்கும்?

என் ஆதங்கம் வேறு. பாரிஸில் ஜெர்மனியின் மூன்றாவது கோல் 54வது நிமிடம். ஆட்டம் 60 நிமிடம். கோல்கீப்பரை இன்னும் கொஞ்சம் முன்னாடியே எடுத்திருக்கலாம்.