விலா எலும்பும் கருவேலங்கரியும்

சமையற்குறிப்பு எழுதும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. ஆயினும் இக்கட்டுரைக்குள் ஒரு சமையற்குறிப்பு கிடக்கிறது. வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதார் தாண்டிச் செல்லலாம்.

சென்ற கோடை விடுமுறையில் நியூஜெர்சியில் தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் பள்ளியில். இருவருக்கும் சொந்த ஊர் கழுகுமலை. தம்பி குடியிருக்கும் பெர்கன் கவுண்டியில் டீநெக் என்னும் ஊரில் வைதிக யூதர்கள் மிகுதி. சில மைல் தள்ளிப் பாலிசேட்ஸ் பார்க்கில் கடைப்பலகைகளெல்லாம் கொரிய எழுத்தில் இருக்கின்றன. இரண்டு ஊர்களும் இப்படி அருகருகே இருந்தால் என்ன நிகழுமோ அது தம்பியின் அடுத்த வீட்டில் நிகழ்ந்திருந்தது. அவ்வீட்டு அம்மையார் வைதிக யூதர். அவர் பிள்ளைகளுக்கோ கொரியச் சாப்பாட்டில் மோகம். கொரிய உணவகத்தில் அவர்கள் உண்ண முடியாது. ஆகவே அவரே கோஷர் விதிப்படி 'கல்பி' செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார். கல்பி என்றால் கொரிய மொழியில் விலா எலும்பு. மாட்டு விலாவை எலும்போடு மெலிதாக அறுத்து, சோயா சாற்றில் ஊறவைத்துத் தணலில் சுடுவது.

ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுப் பின்கட்டுக்கு அழைத்தார். வெறுங்கையோடு போவதா என்று சேமியாப் பாயசம் வைத்து எடுத்துச் சென்றோம். அம்மையார் வாசலிலேயே நின்று, மிகுந்த சங்கடத்தோடு, அதை உள்ளே கொண்டுவர இயலாது என்றார். இறைச்சி உண்ணும் வேளையில் பால் கூடாது. அதற்கு மேல், அது எங்கள் பாத்திரம். பிறகு அவரே வழியும் சொன்னார்: அறுக்காத பழமாக இருந்தால் பெற்றுக்கொள்வேன். ஓடிப்போய் நான்கு மாம்பழங்கள் கொண்டுவந்தோம். இரு கையாலும் வாங்கிக்கொண்டார். அறுக்காத பழம் என்ற சொல் எங்கள் காதில் எங்கோ பழைய இடத்தில் போய் விழுந்தது. அப்போது அதைப் பின்தொடரவில்லை.

அன்று அவர் சொன்னவற்றுள் சில. கோஷர் என்ற சொல்லுக்குத் தகுந்தது, ஏற்றது என்பது பொருள். அசைபோடுவதும் குளம்பு பிளந்ததுமான விலங்கையே உண்ணலாம். அதையும் அதற்கெனப் பயின்றவர் அறுத்திருக்க வேண்டும். ஆட்டுக்குட்டியை அதன் தாய்ப்பாலில் சமைக்கலாகாது என்ற விதி அவர்கள் வேதத்தில் மூன்று முறை வருகிறது. அதிலிருந்து கிளைத்ததுதான் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனி வேளை. பின்னந்தொடையில் நரம்பு ஒன்றும் சிலவகைக் கொழுப்பும் விலக்கு என்பதால் பெரும்பாலும் முன்பாதி உடலே யூதர் கடைக்கு வருகிறது. விலா முன்பாதியில் உள்ளது. எலும்புக்குக் குறுக்காக அறுத்த விலாத்துண்டுக்கு அவர்கள் மொழியான இத்திஷில் 'ஃப்ளாங்கன்' என்று பெயர். அவர் பாட்டி அதைத் தடியாக வெட்டிச் சூப்பில் வேகவைப்பாராம். கொரியர்கள் அதே குறுக்குவெட்டை மெலிதாக்கிச் சுடுகிறார்கள். அமெரிக்கக் கொரியர் நடுவே அதற்கு 'எல்.ஏ. கல்பி' என்று பெயர். ஒரு துண்டில் மூன்று எலும்பு வட்டங்கள், பொத்தான் வைத்துத் தைத்தாற்போல.

இரத்தம் அறவே கூடாது என்பது இன்னொரு விதி. இறைச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கல்லுப்பைப் பரப்பிச் சாய்வான பலகையில் ஒருமணி நேரம் வடியவிட்டு, மும்முறை கழுவ வேண்டும். இப்போது கடைக்காரரே இதைச் செய்து தருகிறார். இதிலுள்ள சமையல் நுட்பம்: உப்பிட்ட இறைச்சிக்குச் சோயா சாற்றைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், இல்லையேல் வாயில் வைக்க முடியாது. கொரியர் கிம்ச்சியில் உப்பிட்ட இறால் சேர்ப்பார்கள். இறால் விலக்கு, ஆகவே அம்மையாரின் கிம்ச்சியில் மிளகாயும் பூண்டும் மட்டுமே. கல்பியில் இயல்பாகவே பாலோ வெண்ணெயோ இல்லை என்பதால் மற்றபடி எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நாங்கள் உதவ முன்வந்தபோது, எதை வேண்டுமானாலும் நறுக்குங்கள், நெருப்பை மட்டும் நான்தான் மூட்ட வேண்டும் என்றார். அதுவும் விதி.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. அன்று அதைச் சொன்னோம். ஏர் உழுத வீடு, மாடு வீட்டுப் பிள்ளைபோல என்று விளக்கினோம். அம்மையார் உடனே புரிந்துகொண்டார், எங்களுக்கென்று கோழி வைத்திருந்தார். அவரவர்க்கு அவரவர் விதி என்று இரு தரப்பும் மதித்து நடந்துகொண்ட அந்த மாலை எங்களுக்குப் பெரும் நிறைவாக இருந்தது. ஊருக்குத் திரும்பி ஒரு மாதம்வரை சந்தித்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஆட்டு விலாவில் அதைச் செய்துபார்க்கத் துணிந்தோம். கரிக்குப் பஞ்சமில்லை. கரிசல் காடெங்கும் சீமைக்கருவேலம். வெட்டி அடுக்கி மண்பூசி மூட்டம் போட்டு எடுக்கும் கரி நின்று எரியும், புகை குறைவு. (அம்மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்.) கொரியர் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளில், கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. ஆகவே ஒரு கைப்பிடி எள்ளைப் படபடவென வெடிக்கும்வரை வறுத்து இடித்து நல்லெண்ணெயில் கலந்தோம். சர்க்கரைக்குக் கருப்பட்டி. கொரியப் பேரிக்குப் பதிலாகக் கொடைக்கானல் பேரிக்காய், துருவியது; சதையை மெத்தென்றாக்குவது அதுவே. ஒரு கிலோ விலாவுக்கு ஒரு பேரி, எட்டுப் பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, ஒரு வெங்காயம், அரைக் குவளை சோயா சாறு, ஐம்பது கிராம் கருப்பட்டி, மிளகு. இரவு முழுதும் ஊறியது.

கறிக்கடைத் தம்பியிடம் குறுக்குவெட்டை எவ்வளவு விளக்கியும் பயனில்லை. கத்தியால் எலும்பைக் கொத்தத்தான் முடியும், அறுக்க முடியாது. சில்லுச் சில்லாக வந்தது. ஆட்டு விலாவில் சதையும் குறைவு. கருப்பட்டி தீய்ந்த பிறகே சதை வெந்தது. ஆனாலும் மணம் தெருவையே கூட்டியது. பொருநராற்றுப்படையில் காழில் கோத்துச் சுட்ட இறைச்சியை உண்டு உண்டு, கொல்லை உழுத கொழுவைப்போல் பல் மழுங்கிப்போன பொருநனை நினைத்துக்கொண்டோம். கரிசலில் பிறந்தவர்க்கு அந்த உவமையின் உராய்வு பல்லிலேயே தெரியும்.

அன்று விருந்துக்கு வந்தவர்களுள் எங்கள் ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். ஊருக்குக் கிழக்கே காலனியைச் சேர்ந்தவர். நாங்கள் வழக்கம்போல் நியூஜெர்சிக் கதையைத் தொடங்கினோம். இதற்குள் கொரியாவைப் பற்றியும் கொஞ்சம் படித்து வைத்திருந்தோம். சோசன் அரசர் காலத்தில் உழவுக்கு மாடு வேண்டும் என்பதற்காக மாடறுப்பதை அரசே அடிக்கடி தடைசெய்தது. அறுக்கும் தொழில் செய்த 'பெக்ஜோங்' என்னும் மக்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தனர். 1894இல் அப்பாகுபாடு சட்டப்படி நீக்கப்பட்டும் வழக்கில் நீங்கவில்லை. 1923இல் சின்சு நகரில் அவர்கள் உரிமைக்காக ஓர் இயக்கம் தொடங்கிற்று. அதன் பெயரிலேயே தராசுக்கோல் என்ற பொருள் இருக்கிறது. இறைச்சி நிறுக்கும் தராசு. வைக்கம் போராட்டத்துக்கு ஓராண்டு முன்பு! இதையெல்லாம், தட்டில் எலும்போடு எதிரே உட்கார்ந்திருந்த அந்த மாணவருக்கே விரிவாக எடுத்துரைத்தோம் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவர் முழுதும் கேட்டார். பிறகு, "ஐயா, அமெரிக்காவுல போயி அவங்க அடுக்களை முறைய இவ்வளவு கருத்தாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க. இந்த வெட்டு மாட்டு விலாவுக்கு உண்டானது. ஆட்டுல வராது. எங்கம்மாட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. எங்க வீடு இங்கருந்து ரெண்டு கிலோமீட்டர்" என்றார்.

குத்திக் காட்டும் தொனியே இல்லை. தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னார். சற்றுப் பொறுத்து வேறொன்றும் சொன்னார். முதுகலை முதலாண்டில் அகநானூறு நடத்துகையில், கொழுத்த ஆவைக் கவர்ந்து தின்ற மழவர் வரும் இடத்தை, 'அக்காலத்து வழக்கம்' என்று ஒற்றைத் தொடரில் கடந்துபோனீர்கள். வகுப்பில் நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம் என்றார். அப்பாட்டைப் பதினைந்து ஆண்டுகளாக அப்படித்தான் கடந்துபோயிருக்கிறோம்.

அன்றிரவு நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. அறுக்காத பழம் திரும்பி வந்தது. நாங்கள் சிறுவராக இருந்தபோது அத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த சீர் தேங்காயும் பழமும்தான். பலகாரம் வராது, வந்தால் தொழுவத்துக்குப் போகும். டீநெக் அம்மையாரின் விதி அவர் வாய்க்கு அவர் போட்டுக்கொண்ட கட்டு. எங்கள் வீட்டு விதியையும் அப்படித்தான் அவரிடம் விளக்கினோம். ஆனால் அது எங்கள் வாயோடு நிற்கவில்லை. யார் எதைத் தின்கிறார் என்று பார்த்து அவரை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்தது. மலைமேலே எட்டாம் நூற்றாண்டு வெட்டுவான்கோயிலும், கொல்லாமை போதித்த சமணப் பள்ளியின் சிற்ப வரிசைகளும், குரத்தியர் என்னும் பெண்பால் ஆசிரியர் பெயர் பொறித்த வட்டெழுத்தும் உண்டு என்று வருவோர்க்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிறோம். மலையின் கீழே உள்ள ஒரு தெருவுக்கு நாங்கள் வாக்குச்சாவடிப் பணிக்கு மட்டுமே போயிருக்கிறோம்.

நாங்களே கேட்டு, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடாயிற்று. அய்யாவிடம் சொல்லாமல் போவது சரியாகப் படவில்லை. எண்பத்திரண்டு வயது, ஏரும் கமலையும் ஓட்டிய கை. எங்கே போகிறோம், என்ன சமையல் என்பதைச் சொன்னோம். வெகுநேரம் திண்ணையில் பேசாமல் இருந்தார். பிறகு, "கடைசிச் சோடிய வித்தேனே, தரகன் துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுனான். லாரி எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? போயிட்டு வாங்க" என்றார். தாம் வருவதாகச் சொல்லவில்லை. நாங்களும் அழைக்கவில்லை.

மாணவரின் தாய்மாமன் கோவில்பட்டியிலிருந்து விலா வாங்கிவந்து, இரும்பறுக்கும் ரம்பத்தில் புது பிளேடு மாட்டிக் காத்திருந்தார். மூன்று எலும்பு வட்டங்களோடு, அரை விரல்கடை கனத்தில், பாலிசேட்ஸ் பார்க் கடைக்காரர் மெச்சும்படி அறுத்துத் தள்ளினார். நாங்கள் பேரியும் சோயா சாறும் எள்ளும் கொண்டுபோயிருந்தோம். போனவுடன் சொம்பில் தண்ணீர் தந்தார்கள். ஊரில் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தும் அத்தெருவில் தண்ணீர் குடித்தது அன்றுதான். குடிக்கும்போது நாலைந்து வீட்டு வாசலிலிருந்து பார்த்தார்கள்.

அம்மா எங்கள் பக்குவத்தைக் கேட்கவே இல்லை. முதலில் கல்லுப்பும் மஞ்சளும் தடவி, அம்மிமேல் ஒருபக்கம் தூக்கிச் சாய்த்து வைத்த பலகையில் விலாத்துண்டுகளைப் பரப்பினார். எதற்கு என்று கேட்டோம். "தண்ணி வடியணுமில்ல? ரத்தம் நின்னா உப்புக்கண்டம் நாறிப்போகும். மழைக்காலத்துக்கு அதுதான எங்களுக்கு." எவ்வளவு நேரம்? "ஒரு மணிக்கூறு." நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது கோஷர் ஆகிவிடாது. அறுத்தவர் வேறு, நெருப்பை மூட்டியவர் வேறு. ஆனால் பலகையின் சாய்வு அதே சாய்வு. சோயா சாற்றைப் பாதியாகக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னோம். அன்றைய சமையலில் எங்கள் பங்கு அவ்வளவே.

வாசலில் இரும்புச்சட்டியில் கருவேலங்கரி வெளுத்துச் சாம்பல் பூத்ததும் கம்பிவலையைப் போட்டார்கள். பக்கத்துக்கு மூன்று நிமிடம். நெய் சொட்டி நெருப்பு எழும்பும்போதெல்லாம் மாமன் வலையை நகர்த்தினார். தட்டு வந்தது. எங்களில் ஒருவர் சாப்பிட்டார். மற்றவரால் முடியவில்லை, துண்டை எடுத்தார், வாய்வரை கொண்டுபோனார், அய்யாவின் காளைகளில் கழுத்தில் தழும்புள்ள ஒன்று கண்முன் வந்து நின்றுவிட்டது. யார் எவர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா அதைக் கவனித்தார். வற்புறுத்தவில்லை, வருந்தவுமில்லை, உள்ளே போய்க் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து ஊற்றினார். கடைசியில் எல்லோருக்கும் மோர். டீநெக் அம்மையார் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பார்.

விடைபெறும்போது கொரியச் சமையல் எப்படி என்று அம்மாவிடம் கேட்டோம். "நல்லாத்தான் இருக்கு. இனிப்புச் சாஸ்தி. அடுத்த தடவ கருப்பட்டியக் குறைச்சிட்டு, ரெண்டு வத்தல் கூட வச்சு அரைக்கணும்" என்றார். பேரிக்காய் ஒன்று மிச்சம் இருந்தது. வாசலில் நின்ற பேரனிடம் அதைக் கொடுத்தார்; அவன் அங்கேயே கடிக்கத் தொடங்கிவிட்டான்.