"மணி பதினொன்னரை ஆனா நெஞ்சு படபடக்கும்!" - பார்க்கின்சனோடு வந்த பயத்தை ஒரு குடும்பம் கண்டுபிடித்த கதை

கும்பகோணத்தில் உள்ள அந்த வீட்டில் தினசரி காலண்டர் தாள்கள் குப்பைக்குப் போவதில்லை. கிழித்த தாளின் பின்பக்கத்தில் அந்த வீட்டு அம்மா நேரம் குறித்து வைக்கிறார். 'காலை 7 - மாத்திரை. 11.20 - பயம், வேர்வை. 1 - மாத்திரை. 1.45 - சரியாச்சு.' இப்படி மூன்று வாரத் தாள்கள் ஒரு கிளிப்பில் சேர்ந்தபோதுதான், ஒன்றரை வருடமாக அவர் கணவரைப் படுத்திய பயம் என்னவென்று தெரிந்தது.

கணவருக்கு 66 வயது. தபால் அலுவலக கவுன்ட்டரில் 34 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வருபவர்களின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே பழகிய கண்கள். 62-வது வயதில் அவருடைய சொந்தக் கையெழுத்தே சுருங்க ஆரம்பித்தது. வரி ஆரம்பத்தில் பெரிதாக இருக்கும் எழுத்து, முடியும்போது எறும்பு ஊர்ந்தது போல ஆகிவிடும். பிறகு வலது கையில் நடுக்கம். தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோய் என்றார்.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே வருவதுதான் இந்த நோயின் அடிப்படை. நடுக்கம், உடல் இறுக்கம், அசைவில் மந்தம் எல்லாம் அதனால் வருபவை. லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். காலை 7, மதியம் 1, இரவு 7 என மூன்று வேளை. நடை கொஞ்சம் இலகுவானது. சட்டை பட்டனை அவரே போட்டுக்கொண்டார். வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள்.

அந்த நிம்மதி இரண்டரை வருடங்கள்தான் நீடித்தது.

"ஹார்ட்டுதான் போல..."

ஒருநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு திடீரென்று நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வேர்த்தது. 'ஏதோ நடக்கப்போகுது' என்ற எண்ணம். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். இ.சி.ஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வருவதற்குள் படபடப்பும் போய்விட்டது.

அடுத்த வாரம் மறுபடி வந்தது. அதற்கடுத்த மாதம் தினமும் வந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் போனில், "அப்பா, எதைப் பத்தியும் யோசிக்காம இருங்கப்பா" என்றார். பார்க்க வந்த உறவினர்கள், "மனசை தைரியமா வெச்சுக்கணும்" என்றார்கள். அவரும் தைரியமாக இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. முடியாததைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். சாயங்கால நடை நின்றது. கல்யாணப் பந்தியில் கை நடுங்கி ரசம் இலையைத் தாண்டி பக்கத்து ஆள் வேட்டியில் தெறித்துவிடுமோ என்று பயந்து, அக்கா பேத்தி கல்யாணத்துக்கே போகவில்லை. "கால் வலி" என்று மனைவியைச் சொல்லச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்த மைத்துனர், "அத்தான், நான் இதைத்தான் போடுறேன். அரை மாத்திரை போட்டா நல்லா தூங்கலாம்" என்று தன் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கொடுத்தார். அல்பிரசோலம். பயம் குறைந்தது உண்மைதான். நான்காவது நாள் இரவு பாத்ரூம் போக எழுந்தவர், கட்டில் ஓரத்திலேயே விழுந்தார். புருவத்தில் மூன்று தையல்.

பயமும் நோயின் பங்குதான்

தையலோடு தஞ்சாவூருக்குப் போனபோதுதான், நரம்பியல் மருத்துவரிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்கள். அதற்கு முன் எத்தனையோ முறை போயிருக்கிறார்கள். கை எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்ற பேச்சோடு முடிந்துவிடும். 'பயமா இருக்கு' என்பது நரம்பு டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று இவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

"ஏன் சார் இவ்வளவு நாளா சொல்லலை? பயமும் இந்த நோயோட சேர்ந்ததுதான்" என்றார் மருத்துவர்.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, நடுக்கத்தை வைத்துத்தான் அதற்குப் பெயர் சொன்னார். இரண்டு நூற்றாண்டுகள் தாண்டியும் நம் கண்ணுக்கு நடுக்கம்தான் தெரிகிறது. ஆனால், பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறது. சிலருக்கு கை நடுங்க ஆரம்பிப்பதற்குச் சில வருடங்கள் முன்பே பதற்றம் வந்துவிடுவதும் உண்டு. டோபமைனோடு செரோடோனின், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்களும் இந்த நோயில் மாறுகின்றன. மனதின் அமைதிக்கு இவையெல்லாம் தேவை. இவை குறையும்போது வரும் பயத்தை 'தைரியமா இரு' என்ற புத்திமதியால் மட்டும் விரட்ட முடியாது.

பயம் எப்போது வருகிறது, மாத்திரை எப்போது போடுகிறார், சாப்பாடு எப்போது என்று மூன்று வாரம் எழுதி வரச் சொன்னார் மருத்துவர். காலண்டர் தாள் வேலைக்கு வந்தது அப்போதுதான்.

தாள்களைப் புரட்டிய மருத்துவர் பேனாவால் வட்டம் போட்டார். பயம் பெரும்பாலும் காலை 11 முதல் 1 மணிக்குள், மாலை 5 முதல் 7 மணிக்குள் வந்திருந்தது. ஒவ்வொரு வேளை மாத்திரையின் வீச்சும் குறையும் நேரம் அது. இதை மருத்துவர்கள் 'வேரிங் ஆஃப்' என்கிறார்கள். நோய் தொடங்கிச் சில வருடங்கள் ஆனபின், ஒரு மாத்திரையின் பலன் அடுத்த மாத்திரை வரை நீடிக்காது. அந்த இடைவெளியில் சிலருக்குக் கை கால் இறுகும். சிலருக்குப் பயம்தான் முதலில் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. காலை மாத்திரையை இட்லி, சாம்பாரோடும், இரவு மாத்திரையை ஒரு டம்ளர் பாலோடும் போட்டுக்கொண்டிருந்தார். பருப்பு, பால், முட்டை போன்றவற்றின் புரதம், குடலில் லெவோடோபாவோடு போட்டி போடும். மருந்து ரத்தத்தில் சேருவது தாமதமாகும். "சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் தண்ணியில போடுங்க" என்றார் மருத்துவர். மூன்று வேளை, நான்கு வேளை ஆனது. 6.30, 11, 3.30, 8.

பகல் நேரப் பயத்தில் பெரும்பகுதி இரண்டு வாரத்தில் அடங்கியது.

பக்கத்துத் தெரு மருந்துக் கடை

ஆனால் முழுவதும் போகவில்லை. வெளியே கிளம்பினாலே வரும் கலக்கம், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு 'படுக்கையில விழுந்துட்டா இவ என்னை எப்படித் தூக்குவா' என்று ஓடும் எண்ணம், இவை மாத்திரை நேரத்துக்குக் கட்டுப்படவில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

"பைத்தியம்னு சொல்லிடுவாங்கம்மா" என்று மகளிடம் குரல் உடைந்து சொன்னார் அவர். மகள் லீவு போட்டு வந்து கூட்டிப் போனார்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் மைத்துனர் கொடுத்த பட்டையும் விழுந்தது. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மருந்துகள் பயத்தைச் சட்டென்று அடக்கும். ஆனால் தூக்கக் கலக்கம், தடுமாற்றம், மறதி தரும். தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். ஏற்கெனவே நடையில் தடுமாறுபவருக்கு இது இரட்டை ஆபத்து. அதனால்தான் மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது.

அவருக்கு எழுதியது வேறு மருந்து. எஸ்சிட்டலோபிராம், மிகக் குறைந்த அளவில். எழுதும் முன், அவர் ராசாஜிலின் அல்லது செலிஜிலின் எடுக்கிறாரா என்று இரண்டு முறை கேட்டார் மனநல மருத்துவர். பார்க்கின்சனுக்குக் கொடுக்கப்படும் அந்த மருந்துகளோடு இதைச் சேர்க்கும்போது, அரிதாக என்றாலும் செரோடோனின் அளவுக்கு மீறி ஆபத்தாகலாம். இவர் எடுக்கவில்லை.

அந்தச் சீட்டோடு மனைவி வழக்கமான கடைக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குப் போனார். "தெரிஞ்ச பையன். சீட்டைப் பார்த்தா என்ன நினைப்பானோன்னு இருந்துச்சு" என்கிறார்.

முதல் பத்து நாள் சோதனைதான். குமட்டல். பயம் குறைவதற்குப் பதில் சற்றுக் கூடியது போலவும் இருந்தது. "எனக்கு இது வேணாம், நிறுத்திடுறேன்" என்றார் அவர். குமட்டலுக்குக் கடையிலேயே ஏதாவது வாங்கிவிடலாம் என்று மனைவி கிளம்பினார். 'எந்தப் புது மாத்திரையும் கேட்காம போடாதீங்க' என்று மருத்துவர் சொன்னது ஞாபகம் வர, போன் செய்தார். நல்லதாகப் போயிற்று. வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்ரமைட், டோபமைனைத் தடுத்து பார்க்கின்சனை மோசமாக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு போடும்படி நேரத்தை மட்டும் மாற்றினார்கள். இந்த வகை மருந்து முழுதாக வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரங்கள்கூட ஆகும், ஆரம்பச் சங்கடம் பெரும்பாலும் தானாகக் குறையும் என்று பொறுமையாகச் சொன்னார் மருத்துவர்.

ஐந்தாவது வாரம் ஒரு விடியற்காலை மனைவி எழுந்து பார்த்தபோது மணி ஐந்தரை. அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அவரை எழுப்பாம ஒரு மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்" என்கிறார் அந்த அம்மா.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் நடந்தது. பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் செய்வது. முதல் வாரம் தெருமுனை வரை. அடுத்த வாரம் டீக்கடை வரை, டீ குடிக்காமல். மூன்றாவது வாரம் பாதி டம்ளர் டீ, அதுவும் இரண்டு கையால் பிடித்து. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் மட்டும், "என்ன சார், ஆளையே காணோம்" என்றார்.

கையெழுத்து

நவம்பர் மாதம் பென்ஷன்தாரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். போன வருடம் அவருக்கு அது பெரிய கண்டமாக இருந்தது. வரிசையில் நிற்கும்போதே வியர்த்துக் கொட்டி, கையெழுத்து சேராமல், பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த முறை 11 மணி மாத்திரையைப் போட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினார். மனைவியையும் கூட வர வேண்டாம் என்றார். அவர் பத்தடி பின்னாலேயே போனார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "மேட்ச் ஆகலையே சார், இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

34 வருடங்களில் எத்தனை பேரிடம் அவரே சொல்லியிருப்பார் அந்த வார்த்தையை. படபடப்பு லேசாக எட்டிப் பார்த்தது. பேனாவைக் கீழே வைத்தார். ஒருமுறை நன்றாக மூச்சு விட்டார்.

"எனக்கு பார்க்கின்சன் இருக்கும்மா. கை நடுங்கும், கொஞ்சம் பதற்றமும் வரும். ஒரு நிமிஷம் குடுங்க, போட்டுடுறேன்."

வெளியாள் ஒருவரிடம் அவர் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்கார்ந்து போடுங்க சார், அவசரமே இல்லை."

கையெழுத்து இந்த முறையும் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் ஏற்றுக்கொண்டார்கள்.

நடுக்கம் இன்னும் இருக்கிறது. நோயும் இருக்கிறது. சில நாள் பயமும் வருகிறது. வந்தால் மணியைப் பார்க்கிறார், மனைவியிடம் சொல்கிறார். காலண்டர் தாளில் அது ஒரு வரி. இப்போது அந்த மாத்திரையை வழக்கமான கடையிலேயே வாங்குகிறார்கள்.

*(இந்த அனுபவத்தை வைத்து மருந்தின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. பதற்றத்துக்கான மாத்திரையையும் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி மனஸ்' இலவச எண் 14416. தமிழிலும் பேசலாம்.)*