புல் தடுக்கி பயில்வான்

"எந்த ஊர் சார்?" என்று கேட்பவர்களிடம் "கீழவாஞ்சூர்" என்று சொன்னால் உடனே கண்ணடிப்பார்கள். நாகூரைத் தாண்டியதும் காரைக்கால் எல்லை, எல்லையில் என் ஊர், ஊரில்... சரி, அதற்குத்தான் கண்ணடிக்கிறார்கள். நான் அந்த வகை அல்ல, ஐயா! எனக்கு இருப்பது வேறு பைத்தியம். மாடி பால்கனியில் புல் வளர்க்கிறேன்.

முதலில் ரோஜாதான் வைத்தேன். கடல் காற்றின் உப்புப் பட்டு இலையெல்லாம் ஓரம் கருகி, ஒரே மாதத்தில் குச்சி மட்டும் நின்றது. குரோட்டன்ஸும் அதே கதி. அப்புறம்தான் தோன்றியது... இதே காற்றில் கடற்கரையில் ராவணன் மீசை ஜம்மென்று இருக்கிறதே! ஊசி மாதிரி இலை, முள்ளுப் பந்து மாதிரி கதிர். காய்ந்தால் அந்தப் பந்து கழன்று மணலில் உருண்டு ஓடும். நாங்களும் பின்னாலேயே ஓடுவோம். ஒரு துண்டைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்தேன். என் கைலியைக் கிழித்ததோடு சரி, பத்தே நாளில் காய்ந்துவிட்டது. மணல் மூட மூட மேலே வந்து படர்கிற புல் அது. தொட்டியில் அடைத்தால்?

வெட்டிவேர் கைகொடுத்தது. இதன் வேர் பக்கவாட்டில் போகாமல் நேரே கீழே இறங்கும். அதனால் அகலத் தொட்டி வீண். உயரமான சிமெண்ட் சாக்கில் மணலும் தொழு உரமும் கலந்து நட்டேன். பக்கத்தில் எலுமிச்சைப் புல். தண்ணீர் தேங்காமல் அடியில் நாலு ஓட்டை. தூர் நெருங்கினால் பிரித்து நட வேண்டும். காய்ந்த தாளை ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். சாயங்காலக் காற்றில் அது சாய்ந்து எழுவதைப் பார்க்க டிக்கெட்டே போடலாம்!

"எல்லாரும் பூ வளர்க்கிறாங்க. நீங்க மாட்டுக்குத் தீனி வளர்க்கிறீங்க!" இது சகதர்மிணி.

"தொல்காப்பியத்தைப் பாரு. வெளிப்பக்கம் வைரம் பாய்ந்ததெல்லாம் புல்லாம். அந்தக் கணக்குல தென்னைகூடப் புல்தான்!"

"அப்ப தென்னையை வைங்க. சட்னிக்காவது ஆகும்."

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வருடமாகவே அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் பி.காம். வரவு செலவு எழுதிக் காட்டி, "விவசாயத்துல நஷ்டம்தாம்ப்பா" என்று சொல்லி, அவருடைய மூணு மா நிலத்தை விற்க வைத்தவன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. டாலியும் ஆனது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் மண்வெட்டியைப் பரணில் போட்டார். அன்றிலிருந்து பால்கனி நாற்காலிதான்.

போன மாதம் வெட்டிவேர்ச் சாக்கில் தானாக ஒன்று முளைத்தது. நாற்று மாதிரியே பச்சை. ஆசையாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் காலை அப்பா எழுந்து வந்து குனிந்தார்.

"இது என்னன்னு நெனச்சே?"

"நெல்லுப்பா."

"கிழிச்சே! இலையும் தாளும் சேர்ற எடத்தைப் பாரு. நெல்லுன்னா அங்க சின்னதா நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும். இதுக்கு இல்ல. குதிரைவாலிப் புல்லு. நாப்பது வருஷம் இதைப் புடுங்கித்தான் என் முதுகு வளைஞ்சுது."

கை தானாக அதன் அடியைப் பிடித்தது. ஆனால் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருந்துட்டுப் போவுது... இங்க யாருக்கு நஷ்டம்?"

என் வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் சுருக்கென்றது. "மன்னிச்சுடுங்கப்பா" என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. பேசாமல் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கிலோ விதை நெல் வாங்கி வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நழுவினேன்.

சாயங்காலம் பார்த்தால், பழைய பிளாஸ்டிக் வாளியில் சேறு குழைத்துக்கொண்டிருக்கிறார்!

"ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி போதாதாடா? மீதி என்ன, கோழிக்கா? பி.காமாம், பி.காம்!"

நாலு வருடம் கழித்து அப்பா என்னைத் திட்டினார். காது குளிர்ந்தது, சார்.