பக்கத்து வீட்டு உறை

யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டக்காரரின் மகன் அவர். 1980-களில் நார்வே போய், வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை பார்த்த தமிழர்களில் ஒருவர். பிறகு மேற்கே வோஸ் என்ற மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார். பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கும் ஒரு கிழவர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தக் கிழவர் கொட்டகையில் பீர் காய்ச்சுவார். அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அது பரம்பரைப் பழக்கம்.

முதல்முறை கூடமாட உதவப் போனவருக்கு வேலை முழுதும் தெரிந்த வேலையாகவே இருந்தது. பார்லியை முளைகட்டி, காயவைத்து, உடைத்த மாவு. நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டுவதில்லையா, அதேதான். முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதிகள், வெந்நீர் பட்டதும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. தொட்டியின் அடியில் ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பியிருந்தார் கிழவர். அதுதான் வடிகட்டி. இனிப்புச் சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கடைசியில் கிண்ணத்திலிருந்து ஈஸ்டை ஊற்றினார். அந்த ஈஸ்டை அங்கே ‘க்வைக்’ என்கிறார்கள். காய்ச்சி முடித்ததும் அடியில் தங்குவதை எடுத்துக் காயவைத்து, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள். கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். தயிருக்கு உறை கேட்டுப் போன நினைவும், அப்ப மாவுக்கு அம்மா வாங்கிவரச் சொன்ன ஒரு செம்பு பனங்கள்ளும் அவருக்குக் கண்முன் வந்தன.

ஒரு வருடம் கிழவரே அந்தக் காய்ந்த சில்லில் ஒரு பிடி கொடுத்தார். வீட்டுச் சமையலறையில் அவர் காய்ச்சியது சின்ன அளவு: இரண்டரை கிலோ மால்ட், 20 லிட்டர் பானை ஒன்று, துணிப்பை, வெப்பமானி, மூடியுள்ள ஒரு வாளி. அவசரத்தில் கொதிநீரையே மாவில் ஊற்றிவிட்டார். நொதிகள் செத்துப்போய், இனிக்க வேண்டியது வெறும் கூழாகவே நின்றது. எல்லாம் ஆட்டுக்குப் போனது. மறுமுறை 67 டிகிரியில் நிறுத்தி, பானையைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தார். பிறகு பிழிந்து, சக்கையை 6 லிட்டர் வெந்நீரில் அலசி, கசப்புக்கு ஹாப் பூ சேர்த்துக் கொதிக்கவிட்டதில் 10 லிட்டர் கிடைத்தது. (அந்தச் சக்கைதான் நம் ஊரில் மாட்டுக்கு வாங்கிப் போடும் பீர் கழிவு. ஈரத்தோடு வைத்தால் சீக்கிரமே பூசணம் பிடிக்கும்.)

நார்வேயில் சொந்தக் குடிப்புக்குப் பீர் காய்ச்சலாம். சாராயம் வடித்தால் குற்றம். தமிழ்நாட்டிலோ உரிமம் இல்லாமல் எதையும் காய்ச்ச முடியாது. அதனால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

கிழவர் இறந்த வருடம் வெளியூரிலிருந்து வந்த மகன்கள் கொட்டகையைச் சுத்தம் செய்தார்கள். ஈஸ்ட் இருந்த சாடியும் குப்பையோடு போயிற்று. இரண்டு மாதம் கழித்து மகள் வந்து கதவைத் தட்டினாள். ‘அப்பாவுடையது உங்களிடம் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டாள்.

உறைபெட்டியில் ஒரு பை இருந்தது. நான்கு வருடம் பழசு. உயிர் இருக்குமா என்று அவருக்கே தெரியவில்லை. முழுவதையும் போட்டு, அது செத்திருந்தால் அத்தோடு தீர்ந்தது. பாதியை எடுத்து வைத்துவிட்டு மறுபாதியோடு காய்ச்சினார்.

சாறு 38 டிகிரிக்கு ஆறியதும் சில்லைத் தூவினார். மற்ற ஈஸ்டுக்கு இது பொதுவாகச் சூடு அதிகம். க்வைக்குக்கு இதுதான் சரி. வழக்கமாகச் சில மணி நேரத்தில் நுரை கட்டும். இரவு பத்து மணிக்கு மூடியைத் திறந்து பார்த்தார், ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. வாளியைக் கம்பளியால் சுற்றிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேநீர் வைத்துக் கொடுத்தார்.

விடிந்தபோது மூடியின் ஓரத்தில் மெல்லிய சீறல். திறந்தால் விரற்கடை உயரத்துக்குப் பழுப்பு நுரை, ஆரஞ்சுத் தோல் வாசனை. மூன்றாம் நாள் அடங்கியது. அடியில் தங்கியதை வழித்துத் தாளில் பரப்பிக் காயவைத்து, இரண்டு சாடியில் போட்டு மகளிடம் கொடுத்தார். கூடவே மூன்று போத்தல் பீர். அவள் ஒன்றை வாசலிலேயே திறந்து, நின்றபடி குடித்தாள். வெகுநேரம் பேசவில்லை.

எடுத்து வைத்த பாதி இன்னும் உறைபெட்டியில்தான் இருக்கிறது. பைமேல் கிழவரின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். ‘இனியாவது அதைக் கருவாட்டுக்குப் பக்கத்தில வையாதேங்கோ’ என்றார் மனைவி.