ஏழடிப் பட்டம்

பாலை என்பது தனியொரு நிலமன்று; முல்லையும் குறிஞ்சியும் மழை மறந்து, வெயில் மிகுந்து, தம் இயல்பு திரிந்தபோது பெறுகின்ற பெயர் அது என்று வகுப்பில் பாடம் நடத்துகிறோம். அந்தப் பாலையைக் காண எங்கள் பிள்ளைகள் அரேபியாவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. பங்குனி வெயிலில், புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் பேருந்தில் சன்னலோரம் ஓர் இடம் கிடைத்தால் போதும். செம்மண், சரளை, வெடித்துக் கிடக்கும் கண்மாய், கருவேல முள், தைல மரக் காடு, அதற்கப்பால் வெயிலில் காய்ந்து கருத்த பாறைக் குன்றுகள். அக்குன்றுகளில் ஒன்று சித்தன்னவாசல். நகரத்திலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவு.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திருவரை அங்கே அழைத்துச் சென்றேன். அவர்களில் பாதிப்பேரின் வீட்டில் பள்ளிப் படியேறிய முதல் தலைமுறை அவர்களே. ஒரு மாணவியை அனுப்ப அவள் தந்தைக்கு மனமில்லை. "பொம்பளப் புள்ளைக்கு மலையில என்ன வேலை?" என்றார். அவளுடைய பாட்டிதான் வழக்கை வென்று தந்தார். அந்தப் பாட்டி, 1991ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், பகலெல்லாம் நாற்று நட்டு, இரவில் விளக்கொளியில் எழுத்துக் கற்றவர். பெண்கள் சைக்கிள் ஏறினால் ஊர் கெட்டுவிடும் என்று பேசிய காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தச் செம்மண் சாலைகளில் சைக்கிள் ஓட்டிச் சென்றார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். "போயிட்டு வரட்டும். நான் போகாத இடத்துக்கு அவளாச்சும் போகட்டும்" என்றார். அதற்குமேல் தந்தை பேசவில்லை.

குன்று உயரமானதன்று. ஆனால் வெயில் உயரமானது! மேற்குப் பக்கமாக ஏறி, முதுகைக் கடந்து, கிழக்குச் சரிவில் சற்று இறங்க வேண்டும். அங்கே, செங்குத்தான பாறையின் விளிம்பை ஒட்டி, இயற்கை தானே குடைந்து வைத்த ஒரு குகை இருக்கிறது. அதனை அடைவதற்குப் பாறையிலே ஏழு படிகள் வெட்டப்பட்டிருந்தமையால் ஏழடிப் பட்டம் என்று பெயர். பட்டமும் பதவியும் ஏந்தியவர் யாரும் அங்கே வாழ்ந்ததில்லை. உடைமை என்று சொல்ல ஒன்றுமில்லாத சமணத் துறவிகள் வாழ்ந்தனர்.

குகைக்குள் பதினேழு கற்படுக்கைகள். தலை வைக்கும் இடத்தில் மட்டும் சற்று உயர்த்தித் தலையணைபோல் செதுக்கி, மேற்பரப்பைக் கண்ணாடிபோல் தேய்த்து வைத்திருக்கிறார்கள். மணற்கல்லாக இருந்தால் வேலை எளிது. கருநாடகத்து வாதாபியில் சாளுக்கியர் குடைந்த குகைகள் செந்நிற மணற்கல்லில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று கி.பி. 578ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டைத் தாங்கி நிற்கிறது. உளி சொன்னபடி கேட்கும் கல் அது. எங்கள் ஊர்க் கல்லோ உளியையே திருப்பிக் கேள்வி கேட்கும் கடுங்கல். அதிலே ஒரு மனிதன் படுக்கும் அளவுக்குச் சமன் செய்து, மெருகேற்ற எத்தனை நாள் ஆகியிருக்கும்? எத்தனை கைகள் காய்த்திருக்கும்?

"பஞ்சபாண்டவர் படுத்த கல்லா, சார்?" என்று ஒருவன் கேட்டான். தமிழ்நாட்டில் இத்தகைய குகைகள் பலவற்றுக்குப் பாண்டவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஐவருக்குப் பதினேழு படுக்கை எதற்கு என்று அவனையே கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கதை அங்கேயே கலைந்தது.

கதை தேவைப்படாத இடம் அது. படுத்தவர் யார், படுக்கை செய்தவர் யார் என்று கல்லே சொல்லுகிறது. இருப்பவற்றுள் பெரியதும் பழையதுமான படுக்கையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்தில் ஒரு செய்தி உள்ளது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு, சிறுபோசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பதே அதன் கருத்து. எருமி நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர் கூறுவர்.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். வந்தவர் வேற்று நாட்டவர். நம்பியது வேற்று நெறி. இங்கே அவருக்கு நிலமில்லை, உறவில்லை, கொடுப்பதற்குக் கையில் காசுமில்லை. உள்ளூரார் அவருக்கு இடம் செய்து கொடுத்தார்கள். கொடுத்ததைத் தமிழில் எழுதியும் வைத்தார்கள். அந்த இளையர் மன்னர் என்றோ மன்னர் மகனென்றோ கல்வெட்டு கூறவில்லை. ஊரைச் சொல்கிறது, பெயரைச் சொல்கிறது, முடித்துக்கொள்கிறது. வடக்கே அசோகனின் பாறைகளில் பேரரசு பேசுகிறது. இங்கோ மீசையும் முடியும் இல்லாத ஓர் ஊர்க்குரல் பேசுகிறது. எழுத்து அரண்மனையின் சொத்தாக, ஒரு சிலர் நாவின் தனியுரிமையாக அடைபட்டுக் கிடந்திருந்தால் இது நடந்திருக்குமா?

அந்தத் துறவிகள் மேற்கொண்ட நெறி முழுவதையும் நான் ஏற்பவனல்லேன். பட்டினி கிடந்து உயிர் விடுதலைப் பெருமை என்று போற்ற என்னால் இயலாது. பசித்த பிள்ளைகளுக்கு நடுவே வேலை பார்ப்பவன் நான். ஆயினும், கல்லில் படுத்துக் கற்றவர்களை வணங்க மறுக்கவும் என்னால் இயலாது. கி.பி. ஏழாம் நூற்றாண்டுக்குப் பின்னும் இங்கே துறவிகள் வந்து தங்கியதைப் பிற படுக்கைகளில் உள்ள பெயர்கள் காட்டுகின்றன. தொழுக்குன்றத்துக் கடவுளன், திருநீலன் என்று அப்பெயர்கள் நீளுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இந்தக் குகையில் மனிதர் வாழ்ந்த தடம் இருக்கிறது.

பெயர் என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. குன்றின் மேற்குச் சரிவில் உள்ள குடைவரையில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை! காதலர் பெயர், கல்லூரி மாணவர் பெயர், தேதியோடு கூடிய பெயர். ஓவியம் இருந்த சுவரிலும் தூணிலும் ஆணியாலும் கரியாலும் கீறிய பெயர்கள். நூற்றாண்டுக் கணக்காக வெயிலும் மழையும் செய்யாத கேட்டை, எழுதப் படிக்கத் தெரிந்த கைகள் ஒரு சில பத்தாண்டுகளில் செய்து முடித்திருக்கின்றன. எழுத்தறிவு கொடுத்தோம், எங்கே எழுதக் கூடாது என்பதைக் கொடுக்க மறந்தோமோ, என்னவோ. இந்திய அரசின் தொல்லியல் துறை இப்போது காவல் வைத்திருக்கிறது; எஞ்சியது எஞ்சியது.

அந்தக் குடைவரையின் பெயர் அறிவர் கோயில். எவ்வளவு இனிய பெயர்! சித்தன்னவாசல் என்பதற்குச் "சித்தானாம் வாசம்" என்று வடமொழியில் வேர் தேடுவோர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இவ்விடத்தை அண்ணல்வாயில் அறிவர் கோயில் என்று நல்ல தமிழில் அழைக்கிறது. ஓவியங்கள் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை என்று முன்னர் எழுதி வந்தார்கள். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தான் என்று அக்கல்வெட்டு தெரிவித்தபின், அறிஞர் பலர் கருத்தை மாற்றிக்கொண்டனர். சான்று வந்ததும் கருத்தை மாற்றுவது அறிவர்க்கு அழகு. இளங்கௌதமன் ஆசிரியன் என்று சொன்னதும் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நெறி கற்பித்த ஆசான் அவன். மாதச் சம்பளம் வாங்கும் என் போன்றவன் அல்லன் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

உள்ளறையில் ஓர் விந்தை உண்டு. நடுவில் நின்று, வாய் மூடி, மெல்ல முனகினால் அறை முழுதும் அதிரும். ஒரு சிறுவன் நடுங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். "உள்ளே ஏதோ இருக்குது, சார்" என்றான். வெறுங்குடத்தின் வாயருகே முகம் வைத்து நீ முனகியதில்லையா என்றேன். உண்டு என்றான். குடத்துக்குள் பேய் இருந்ததா? இல்லை. இதுவும் கல்லால் ஆன குடம்தான். மெருகிட்ட சுவர்களில் மோதி ஒலி திரும்பத் திரும்ப வருகிறது, அறையின் அளவுக்கு ஏற்ற ஒலி மட்டும் பெருகுகிறது என்றேன். அவ்வளவுதான்! அடுத்த கால் மணி நேரம் அவனை வெளியே இழுப்பதே எனக்குப் பெரும்பாடாயிற்று.

பின்னர் அண்ணாந்து பார்த்தோம். மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம். சுண்ணச் சாந்து பூசி, அதன்மேல் காவியும் மஞ்சளும் கரியும் பச்சை மண்ணும் கொண்டு தீட்டிய குளம். மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானை இறங்கியிருக்கிறது, எருமை இறங்கியிருக்கிறது. மூன்று ஆடவர் பூக் கொய்கிறார்கள். தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கப் போகும் அன்பர் வழியில் இறங்கும் குளம் இது என்று சமண மரபு சொல்லும். வெளியே குடிக்கச் சொட்டு நீர் இல்லாத பாறை. உள்ளே, தலைக்கு மேல், வற்றாத நீர்!

அந்த மூவரைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன். இருவர் மேனி கருமை படர்ந்தது. மூன்றாமவன் மேனி செம்பொன் நிறத்தது. அவன் சற்றுத் தள்ளித்தான் நிற்கிறான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீர் ஒன்று. எருமையும் யானையும் இறங்கிய நீரும் அதுவே.

இந்தக் குன்று நிற்கும் அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில், அவ்வூரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்றபின் தெரியவந்தது. ஒருவன் குடிக்கும் நீர் என்று அறிந்தே, அவன் பிள்ளை குடிக்கும் நீர் என்று அறிந்தே, ஏணி வைத்து ஏறிச் செய்த செயல். பிள்ளைகளுக்கு அது தெரியாதென்று நான் எண்ண முடியுமா? என் மாணவர்களில் சிலர் அத்தகைய தெருக்களிலிருந்து வருபவர்கள். சிலர் அத்தெருக்களுக்குள் கால் வைக்கக் கூடாதென்று வீட்டில் கற்பிக்கப்பட்டவர்கள். மலையேறும்போது என் பையில் இருந்தவை நான்கு தண்ணீர்ப் பாட்டில்கள். இருபத்திருவரும் அவற்றையே மாறி மாறிக் குடித்தார்கள். ஒருத்தி மட்டும் முதலில் வாங்கத் தயங்கினாள். தாகம் தயக்கத்தை வென்றது. அதைப் பற்றி அங்கே நான் எதுவும் பேசவில்லை. பேசாதிருந்ததே சரி என்று இன்றும் கருதுகிறேன்.

மாலையில் கீழே இறங்கிச் சாலைக்கு வந்து பேருந்துக்குக் காத்திருந்தோம். மறுநாள், பாட்டியின் தயவால் மலையேறிய அந்த மாணவி, சுவரில் தொங்கிய தேசப்படத்தருகே நின்றுகொண்டு, மைசூர் எங்கே என்றாள். காட்டினேன். அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

"அங்கேருந்து இங்க வரைக்கும் அவர் எப்படி, சார், வந்திருப்பார்?"

"நடந்து. சமணத் துறவிகள் வண்டியேறுவதில்லை."

"வழியெல்லாம் யார் தண்ணி கொடுத்தாங்க?"