சென்ற் அப்ஸ் கரையில் சுழியோடிகள்

ஸ்கொத்லாந்தின் தென்கிழக்கு மூலையிலே, வட கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகளின் அருகில், சென்ற் அப்ஸ் என்னும் சிறு மீன்பிடிக் கிராமம் இருக்கின்றது. துறைமுகம் என்பது கல்லணைகளால் வளைக்கப்பட்ட ஒரு குடா மாத்திரமே. எனினும், கரையிலிருந்தே இறங்கிச் சுழியோடுவதற்கு இதைப் போன்ற இடங்கள் பிரித்தானியாவிற் சிலவே.

நம் நாட்டுக் கரைகளிலே கடல் ஒரு மீற்றர்தானும் ஏறி இறங்குவதில்லை. இங்கோ, அமாவாசை பூரணையை அடுத்த நாட்களில், வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ 4 மீற்றர் வேறுபாடு! ஆகவே, சுழியோடுவோர் முதலிற் பார்ப்பது வற்றுப்பெருக்கு அட்டவணையையே. நீர் திரும்பும் சிறுபொழுதில் ஓட்டம் ஓய்ந்திருக்கும். அது மீண்டும் வலுக்குமுன் கரையேறிவிடல் வேண்டும். நீர் வற்றியபின் வெளிப்படும் பாசிப் பாறைகளின்மேல், காற்றுக் கலத்தையும் ஈயக் கட்டிகளையும் சுமந்து தடுமாறுவோரைக் கண்டு நாம் பரிதவித்தோம்.

குளிரைப் பற்றியும் கூறவேண்டும். கோடை முடிவிலே 14 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நீர், மாரி முடிவில் 6 பாகைக்கு இறங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த நீரென்றே கொள்ளலாம். நீர்புகா உடையின்றி எவரும் இறங்குவதில்லை.

இத்துணை துன்பமும் எதற்காக? கல்லணைக்கு அப்பால் 'தேவாலயப் பாறை' நீருள் மறைந்து நிற்கின்றது. மேலே கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடு. கீழே ஒருவர் நுழைந்து செல்லத்தக்க கல்வளைவு. அதன் சுவர்களில் வெள்ளையும் செம்மஞ்சளுமாக மென்பவளங்கள் செறிந்திருக்கின்றன. 'இறந்தவன் விரல்கள்' என்பது அவற்றுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர். அழகிய உயிருக்கு அது பொருந்தாப் பெயர் என்பதே நம் எண்ணம். பொந்துகளிலிருந்து எட்டிப் பார்க்கும் ஓநாய் மீன், நண்டின் ஓட்டையும் நொறுக்கும் பல்லுடையது. முகமோ கிழவனின் முகம். 1984ஆம் ஆண்டு இக்கடற்பகுதி, சட்டத்தின் கட்டாயமின்றி, மக்களின் இணக்கத்தினாலேயே காப்பிடமாக்கப்பட்டது. சுழியோடிகள் எவ்வுயிரையும் எடுத்துச் செல்வதில்லை.

இப்பாறைகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1907இல் 'அல்பிரட் ஏர்லண்ட்சன்' என்னும் தேனியக் கப்பல் துறைமுகத்துக்கு அண்மையில் மோதி உடைந்தது. கரைக்கு எட்டும் தூரமே. ஆயினும் மாலுமிகள் அனைவரும் மாண்டனர். அத்துயரின் பயனாக 1911இல் உயிர்காப்புப் படகு நிலையம் பிறந்தது. அயலூரான ஐமவுத்தில் ஒரு நிலையம் இருப்பதால், 2015இல் இது மூடப்பட்டது. கிராமத்தார் இசைந்தாரில்லை. ஊரூராகப் பணந்திரட்டினர், விசுக்கோத்து உற்பத்தியாளரான டனொக்ஸ் நிறுவனமும் பெருந்தொகை வழங்கியது. 2016இல் 'தோமஸ் டனொக்' என்னும் படகு சேவையில் இறங்கிற்று. நீரோட்டம் இழுத்துச் சென்ற சுழியோடியைத் தேடிச் செல்வதும் அதன் பணிகளுள் ஒன்று.