டர்னிப் தலைக்கு முன்னால்

கிரஹாம் டெய்லரை நாங்கள் முதலில் கண்டது ஒரு பகிடிப் படத்திலதான். 1992இல் இங்கிலாந்து சுவீடனிடம் தோற்றதும் 'சன்' பத்திரிகை அவரின்ர தலையை டர்னிப் கிழங்காக்கிப் போட்டிருந்தது. விடுதியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம்.

பிறகுதான் மிச்சத்தை வாசிச்சம். கிரிம்ஸ்பி, லிங்கன் எண்டு முதற்பிரிவை மிதிக்காமலே ஆடி முடிச்சவர். காயத்தால் ஆட்டம் நிண்டுபோக, 28 வயதிலேயே லிங்கனின் முகாமையாளர். 1977இல் நான்காம் பிரிவில் கிடந்த வாட்ஃபோர்டைப் பொறுப்பெடுத்தார். 1983இல் அதே கழகம் முதற்பிரிவில் லிவர்பூலுக்கு அடுத்த இடம். ஆறே வருசம்!

டர்னிப் படத்தைப் பகிர்ந்த அதே குறூப்பில அந்த வருசத்துப் புள்ளிப்பட்டியலையும் போட்டம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. எங்களுக்குத்தான் உறுத்துது.